கன்வெர்ட்டரைக் கழட்டுனா கார் பறக்குமாம்!

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். அச்சங்குளத்துப் பக்கம் இருக்குற ஒரு பட்டாசு கம்பெனிக்குப் போயி, பட்டாசுப் பெட்டி லேபிளோட மாதிரி அச்சுல, அதான் புரூஃப்ல, மேனேஜர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரணும்.

திருத்தங்கல்ல எங்கப்பா ஆஃப்செட் பிரஸ் வச்சிருந்தாரு. தீபாவளி சீசன். அந்தக் கையெழுத்து வந்தாத்தான் மத்தியானம் மிஷின் ஓடும்.

"பைக்குல போயிட்டு வெரசா வந்துருலே"ன்னாரு அப்பா.

பைக்குல போயிருந்தா இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அப்ப என்கிட்ட ஒரு கார் இருந்துச்சு. செகப்பு. ரெண்டே கதவு. பெங்களூர்ல ஒருத்தர் ஓட்டிச் சலிச்சுப்போயி வித்ததை, ஸ்போர்ட்ஸ் காருன்னு நம்பி வாங்கிட்டு வந்திருந்தேன். பின் சீட்டுல ஆளு உக்காந்தா முழங்கால் தாடையில இடிக்கும். ஊர்ல இருக்குற ஒவ்வொரு வேகத்தடையிலயும் அடிவயித்தத் தேச்சுட்டுத்தான் எறங்கும். ஆனாலும் ஸ்போர்ட்ஸ் கார்!

அதுக்கு வேகம் பத்தலைங்கிறது என்னோட பெரிய மனக்கொறை. பிரவுசிங் சென்டர்ல உக்காந்து தேடுனேன். ஏதோ ஒரு தேசத்துல ஏதோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான்: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழட்டி வீசு, கார் பறக்கும்.

கன்வெர்ட்டருங்கிறது சைலன்சர் குழாய்க்கு நடுவுல இருக்குற ஒரு டப்பா. புகையில இருக்குற விஷத்தைக் கொறைச்சு வெளிய விடும். என் வீட்டுக்காரி ஸ்டெல்லா பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி டீச்சர். அவகிட்ட பெருமையாச் சொன்னேன்.

"அது புகையைச் சுத்தம் பண்ற சாமான். அதை எடுத்தா நாத்தம்தான் கூடும். வேகம் எங்கருந்து வரும்?"

"புகை தடையில்லாம வெளிய போகும்ல? இஞ்சின் ஃப்ரீயா மூச்சு விடும்ல?"

"யாரு சொன்னா?"

"இன்டர்நெட்ல."

அவ பரீட்சைப் பேப்பர் திருத்த உக்காந்துட்டா. அன்னைக்கு நெறையப் பேருக்கு மார்க் கொறைஞ்சிருக்கும்.

நான் நேரா மாடசாமி அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அவரு லாரி மெக்கானிக்.

"மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு ஓட முடியுமா தம்பி? அதே கததான். கழட்டிருவோம்"ன்னாரு.

"இதுக்கு முன்னாடி இதைக் கழட்டியிருக்கீகளாண்ணே?"

"லாரியில எதையெல்லாமோ கழட்டியிருக்கேன் தம்பி!"

அந்தப் பதில்லயே நான் முழிச்சிருக்கணும். முழிக்கல. அறுத்து எடுத்தாரு. "உள்ள பாருங்க, தேன்கூடு கணக்கா அடைச்சுக் கெடக்கு"ன்னு காட்டுனாரு. அது அடைப்பு இல்ல, அதோட அமைப்பே அப்பிடித்தான்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. அந்த எடத்துல ஒரு வெத்துக் குழாயை வச்சு வெல்டிங் அடிச்சு விட்டாரு.

மறுநாள்தான் இந்தக் கையெழுத்து வேலை. பைக் சாவியை ஆணியிலயே மாட்டிட்டு, கார் சாவியை எடுத்தேன்.

ஸ்டார்ட் பண்ணேன் பாருங்க! தெருவே அதிர்ந்துச்சு. எதுத்த வீட்டுக்காரரு பல்லு வெளக்குன பிரஷ்ஷோட ஓடி வந்து, "கரண்ட் போயிருச்சா? ஜெனரேட்டர் போட்டுட்டீகளா?"ன்னாரு.

"கார்ண்ணே. ஸ்போர்ட்ஸ் சவுண்டு."

"ஓ"ன்னாரு. அந்த 'ஓ'வுல மரியாதை இருந்த மாதிரி எனக்குத் தெரிஞ்சுச்சு.

சிவகாசியைத் தாண்டி ரோடு காலியா இருந்துச்சு. மிதிச்சேன். சத்தம் கூடுச்சு. நல்லாக் கூடுச்சு. வேகம் மட்டும் அங்கனயே நின்னுச்சு. முன்னாடி மூணாவது கியர்ல ஏறுன மேட்டை இப்ப ரெண்டாவதுல மொனங்கிக்கிட்டே ஏறுது. டேஷ்போர்டுல இஞ்சின் படம் போட்ட மஞ்ச லைட் ஒண்ணு எரிஞ்சுச்சு. 'வேகம் கூடுனதைக் காட்டுது போல'ன்னு என்னைய நானே தேத்திக்கிட்டேன்.

அப்பப் பின்னாடி ஹாரன். டவுன் பஸ்! கூரையில முருங்கைக்கா மூட்டை, படியில நாலு பேரு. சர்ர்ருன்னு என்னைய முந்திப் போச்சு. படியில தொங்குனவரு ஒருத்தரு குனிஞ்சு பாத்து, "ரிப்பேரா தம்பி? தள்ளணுமா?"ன்னு அக்கறையாக் கேட்டுட்டுப் போறாரு!

ரோசம் வந்து அழுத்தி மிதிச்சேன். பஸ் ஸ்டாப்புல பஸ் நின்னுருச்சு, நானும் காலை எடுத்தேன்.

டப்! டப் டப்!

பின்னாடி வெடிக்குது. காலை எடுத்தா வெடிக்குது, மிதிச்சா நிக்குது. வெல்டிங்ல எங்கயோ ஓட்டை, அது வழியாக் காத்து புகுந்து, எரியாத பெட்ரோல் குழாய்க்குள்ள எரியுதுன்னு பின்னால ஸ்டெல்லா சொல்லித்தான் தெரியும். அப்ப நான் நெனச்சது என்ன தெரியுமா? ரேஸ் கார் இப்பிடித்தான வெடிக்கும்!

பைக்குல ஒருத்தரு பக்கத்துல வந்தாரு. "அண்ணே, குழாயில இருந்து தீப்பொறி வருது. இந்தப் பக்கமெல்லாம் பட்டாசு கம்பெனி இருக்கு, பாத்துப் போங்க."

தலையாட்டுனேன். பாத்துத்தான் போனேன். நேரா கம்பெனி கேட்டைப் பாத்து.

கேட்டுக்கு முன்னாடி காலை எடுத்தேன்.

டமார்ர்ர்!

அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. வாட்ச்மேன் தரையில படுத்துட்டாரு. உள்ள யாரோ விசில் ஊதுனாக. அடுத்த நொடி, சின்னச் சின்ன ரூமுல இருந்து பொம்பளைக ஆம்பளைக அம்புட்டுப் பேரும் வெளிய ஓடுறாக. செருப்பு இல்லாம, கையெல்லாம் வெடிமருந்து அப்பிக்கிட்டு, எதுத்த பொட்டலைப் பாத்து ஓடுறாக. ஒரு பொண்ணு மட்டும் பாதியில திரும்பி நின்னு, "செல்வி! ஏ செல்வி!"ன்னு கத்துது. தங்கச்சி போல.

ஜன்னல் கண்ணாடியை எறக்கி எட்டிப் பாத்தேன். எங்க வெடிச்சுச்சுன்னு நானும் தேடுறேன். நான்தான்னு எனக்கே தெரியல!

வாட்ச்மேன் எந்திரிச்சாரு. என் கார் பின்னாடி புகையைப் பாத்தாரு. கேட்டுல மாட்டியிருந்த மணல் வாளியைத் தூக்கி சைலன்சர் மேல ஒண்ணு. தெறந்திருந்த ஜன்னல் வழியா என் மேல ஒண்ணு.

பொட்டல்ல ஆள் எண்ணுனாக. செல்வியும் வந்து சேந்துச்சு, அக்காளைக் கட்டிக்கிட்டு அழுதுச்சு. யாருக்கும் ஒண்ணுமில்ல. அதுக்கப்புறம்தான் அத்தனை பேரும் என் பக்கம் திரும்புனாக.

வயசான அம்மா ஒருத்தங்க மூச்சு வாங்க நடந்து வந்து, என் காரை ஒரு சுத்து சுத்திப் பாத்தாங்க.

"ஏன்யா, நாங்க உசுரக் கையில புடிச்சிக்கிட்டு ஓடியாந்தா, உம்ம வண்டி இருமுதாக்கும்?"

சிரிப்புக் கூட வரல. தலையில இருந்த மணல் மட்டும் கொட்டிக்கிட்டே இருந்துச்சு. "தப்புத்தாம்மா"ன்னேன். மொத மொறையா அன்னைக்கு உண்மையைப் பேசுனேன்.

மேனேஜர் குருசாமி அண்ணாச்சி ஆபீசுல உக்கார வச்சாரு. கன்வெர்ட்டரைக் கழட்டுன கதையைச் சொன்னேன். கத்தல. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"தம்பி, லோடு எடுக்க வர்ற லாரிக்கே சைலன்சர்ல தீப்பொறி தடுக்குற சாமான் மாட்டித்தான் உள்ள விடுவோம். நீங்க இருந்ததையும் கழட்டிட்டு வந்திருக்கீக. எதுக்கு?"

"வேகம் வரும்னு அண்ணாச்சி..."

"வந்துச்சா?"

"டவுன் பஸ்சு முந்திருச்சு."

புரூஃபை வாங்கி, மணலைத் தட்டி, கண்ணாடியைப் போட்டுப் படிச்சாரு. பேனாவை எடுத்தாரு. அப்பாடான்னு இருந்துச்சு. கையெழுத்துப் போடல. ஓரத்துல ஒரு வரியைச் சுத்தி வட்டம் போட்டாரு.

"'பாதுகாப்பான தூரத்தில் நின்று பற்ற வைக்கவும்'. இது ரொம்பச் சின்ன எழுத்தா இருக்கு. பெருசாப் போட்டுக் கொண்டாங்க. யாரும் படிக்கிறதே இல்ல போலருக்கு."

சொல்லும்போது பேப்பரைப் பாக்கல, என்னையப் பாத்தாரு.

ரோட்டுக்கு வந்து அப்பாவுக்கு போன் போட்டேன். "கையெழுத்து ஆச்சாலே?" "இல்லப்பா, திருத்தம்." "கார்ல ஏதோ வெடிச்சுச்சாம்ல?" சேதி எனக்கு முன்னாடி திருத்தங்கல் போயிருச்சு! "வா, வீட்டுல பேசிக்கிடுவோம்"ன்னு வச்சிட்டாரு.

கேட்டுப் பக்கம் திரும்பி வந்து, கார்ல ஏறிச் சாவியைத் திருகப் போனேன். வாட்ச்மேன் பாய்ஞ்சு வந்து கையைப் புடிச்சாரு.

"இங்கன ஸ்டார்ட் பண்ணுனீக, அடுத்த வாளியில தண்ணி!"

லோடு ஏத்துற ஆளுக ஆறு பேரைக் கூப்புட்டாரு. மெயின் ரோடு வரைக்கும் தள்ளணும். "அண்ணே, நீங்க ஸ்டீரிங்கை மட்டும் புடிங்க, வேற எதையும் தொட்டுறாதீக"ன்னாக. சாப்பாட்டு நேரம். மரத்தடியில தூக்குவாளியோட உக்காந்திருந்தவுக அம்புட்டுப் பேரும் பாக்க, என் செகப்பு ஸ்போர்ட்ஸ் கார் சத்தமில்லாம, புகையில்லாம, வெடிக்காமப் போச்சு. மேட்டுல கூட மொனங்கல.

கன்வெர்ட்டரைக் கழட்டுனா வேகம் கூடுமான்னு இன்னைக்கும் யாராச்சும் கேட்டா, ஒரே பதில்தான் வச்சிருக்கேன்: தள்ளுறதுக்கு ஆறு பேரு இருந்தா, கூடும்.