சாமித்துரையின் நிலுவைக் குற்றம்

முன்னோடிகளை மதிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்ததால், எங்கள் பகுதி மின் அலுவலகமும் மதிக்கத் தொடங்கியது. கிடைத்தவர் சாமித்துரை. வெள்ளைக்காரன் காலத்து மின் பொறியாளர். கரிசல் காட்டில் மாட்டுவண்டியில் கம்பம் கொண்டுபோய், தானே ஏறிக் கம்பி இழுத்தவர்.

பாராட்டு மலருக்காக அவருடைய பணிப்பதிவேட்டைப் புரட்டிய எழுத்தர் கல்யாணசுந்தரி, கடைசிப் பக்கத்தில் ஒரு குற்றச்சாட்டைக் கண்டார். நாற்பத்தைந்தாம் வருஷம் மழை பொய்த்தபோது, எங்கள் ஊர் ஓடைக்குறிச்சியின் குடிநீர்க் கிணற்று மோட்டாருக்கு, சென்னை உத்தரவு வருமுன்பே மின்சாரம் கொடுத்துவிட்டார் சாமித்துரை. விளக்கம் கேட்டதற்கு, 'ஆடுமாடுகள் தாகத்தை ஒத்திவைக்க மறுத்தன' என்று எழுதியிருந்தார். விசாரணை முடியுமுன் இறந்தும் போனார். அதற்கும் முன் அனுமதி பெற்றதாகப் பதிவில்லை.

குற்றம் நிலுவையில் இருப்பவருக்கு மாலை போட விதியில்லை. விசாரணையை முடிக்கச் செயற்பொறியாளர் பூவனநாதன் ஜீப்பில் எங்கள் ஊருக்கு வந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எண்பது வருஷமாகக் குற்றம் தொடர்வதாகக் குறித்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்தார்.

அறுபது ஆடு வைத்திருக்கும் வெயிலம்மாள் ஜீப்பை மறித்தாள்.

"மூணு தலைமுறையா ஓடுத மோட்டாரு, சார்."

"அதனாலதாம்மா குற்றம் பெருசாயிருச்சு."

"ஆடு தண்ணிக்குக் கத்துது."

"விண்ணப்பம் குடுங்க. பரிசீலிப்போம்."

நாலாம் நாள் இரண்டு குட்டிகள் சுருண்டு விழுந்தன. வெயிலம்மாள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு லைன்மேன் இசக்கிமுருகன் வீட்டுக்குப் போனாள். அதைத் திண்ணையில் கிடத்தினாள். அவர் குட்டியின் வாயைத் தொட்டுப் பார்த்தார். "வாரேன், போங்க" என்றார். பட்டப்பகலில் ஊரே பார்க்கக் கம்பத்தில் ஏறி இணைத்தார். தொட்டி நிறைந்தது.

துண்டித்த நாளோடு சாமித்துரையின் குற்றம் தீர்ந்ததாக விசாரணை முடிந்தது. புதிய குற்றத்துக்குப் புதிய விசாரணை. ஏறியது யார் என்று எழுதிக் கொடுத்தால் ஒரே வாரத்தில் முறையான இணைப்பு, இல்லாவிட்டால் ஊர் முழுக்க மின்திருட்டு வழக்கு என்று பூவனநாதன் பொறுமையாக விளக்கினார். எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். வெயிலம்மாள் கைநாட்டு வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே, கையெழுத்து வாங்க வந்திருந்த எழுத்தர் கல்யாணசுந்தரியிடம் சொன்னாள்: "எனக்கு அறுபது உருப்படி இருக்குல்லா."

விழாவுக்கு வேன் வைத்து எங்களை அழைத்துப் போனார்கள். ஆளுக்கொரு கடம்பூர் போளி. சாமித்துரை படத்துக்கு மாலை போட்டுவிட்டுப் பூவனநாதன் பேசினார்.

"உத்தரவுக்குக் காத்திருக்காமல், மக்களுக்காகக் கம்பம் ஏறிய இப்படியொரு மனிதர் இன்று நம் துறையில் இல்லையே."

அது உண்மைதான். இசக்கிமுருகனை அன்று காலையில்தான் சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். ஓடைக்குறிச்சிக்காரர்கள் நாங்கள்தான் அதிக நேரம் கை தட்டினோம்.