சாவு வீட்டிலிருந்து வந்த மாமாவும் பார்ட்ஸ் வாஷரும்

ஹட்டன்.

அன்புள்ள துஷாந்த் அண்ணனுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். போனில் சொன்னால் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற காம்பராக்காரர்கள் எனக்கு முன்னால் உங்களுக்குப் பதில் சொல்லிவிடுவார்கள். நீங்களும் அண்ணியும் சுகமென்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுத ஆசைதான், இன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள்.

உங்கள் கராஜில் கழித்துவிட்ட, எஞ்சின் சாமான் கழுவுகிற பார்ட்ஸ் வாஷரை லொறியில் ஏற்றி அனுப்பினீர்களே, அது வந்த நாளிலிருந்து உங்கள் மச்சானுக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஆட்டோ பழுது பார்க்கிற கொட்டகைக்குள் வயர் எட்டவில்லை என்று அதைக் கொண்டுவந்து இஸ்தோப்புத் திண்ணை ஓரத்தில், வாசலிலேயே நிறுத்திவிட்டார். தொட்டி, குழாய், காலால் மிதிக்கிற கட்டை எல்லாம் வைத்துப் பார்த்தால் கல்யாண மண்டபத்துக் கை கழுவுற இடம் மாதிரியே இருக்கு. உள்ளே தண்ணியில்லை, மண்ணெண்ணெய்! பாப்பா இப்பத்தான் நடக்கப் பழகுறா, கண்ணுல பட்டதெல்லாம் இழுக்குறா. "கொட்டகைக்கே கொண்டு போங்க"ன்னு நான் கெஞ்ச, "நாளைக்கு"ன்னு இவர் சொல்ல, இன்னைக்கு நடந்தது இது.

கீழ் லயத்து அழகுமுத்து கங்காணி செத்துட்டார். மாமா சாவு வீட்டுக்குப் போயிருந்தார். கழுவிட்டு உள்ளே வரணுமேன்னு வாசல்ல வாளியில மஞ்சத்தண்ணி வச்சேன். அந்த வாளியைத்தான் உங்க மச்சான் தண்ணியைக் கொட்டிட்டு, மெஷின் ஒழுகுதுன்னு அடியில வச்சிருக்கார்! மாமாவுக்கோ தடிமல், மூக்கே வேலை செய்யல. வாளியைக் காணோம், குழாய் இருக்கு. மிதிச்சார், ஊத்துச்சு. கால், கை, முகம், தலை எல்லாம் நனைச்சுக்கிட்டு, "குளுருது புள்ள"ன்னு நேரே அடுப்பு முன்னால குந்தப் போறாரு, அண்ணா!

"மாமா, நில்லுங்க! அடுப்பு!"

"ஏன் கத்துற? தீட்டெல்லாம் கழுவிட்டுத்தான் வாறேன்."

பாப்பா இடுப்புல. ஒத்தக் கையால உலைப்பானையைத் தூக்கி அப்படியே அடுப்புல கவுத்துட்டேன். வீடெல்லாம் புகை. மாமி நெஞ்சுல அடிச்சுக்கிட்டாங்க: "வெளக்கு வைக்கிற நேரத்துல அடுப்ப அவிச்சிட்டாளே, படிச்ச மருமக!" உங்க மச்சான் ஓடி வந்தார். வந்து கேட்ட முதல் வார்த்தை: "அப்பா, தொட்டியில எண்ணெய் மிச்சம் இருக்கா?"

மாமா சோப்புப் போட்டு மூணு தரம் குளிச்சார், இன்னும் விளக்குப் பக்கம் விட நான் தயாரில்லை. எனவே அண்ணா, வருகிற ஞாயிற்றுக்கிழமை லொறியோடு வந்து அந்தச் சனியனை எடுத்துப் போய்விடுங்கள். அது இருக்கிற வாசலில் என் பிள்ளை நடக்க மாட்டாள்.

அண்ணிக்கு என் அன்பு. நீங்கள் எல்லாரும் நெருப்பு, எண்ணெய் இரண்டும் அண்டாமல் நல்லா இருக்கணும்.

அன்புத் தங்கை,
ஜெயந்தினி

பி.கு.: கவரை ஒட்டப் போனேன், உங்க மச்சான் தயங்கித் தயங்கி என் தையல் மெஷினோடு வந்து நிக்கிறார். சீதனமா நீங்க தந்தது, பாப்பா பிறந்ததிலேருந்து இறுகிக் கிடந்துச்சே, அதேதான். அதைக் கழட்டிக் கழுவத்தான் வாஷரை வாசல்லயே வச்சிருந்தாராம், எண்ணெய் மிச்சம் கேட்டதும் அதுக்குத்தானாம். இப்ப வெண்ணெய் மாதிரி ஓடுது. மேலே எழுதியதை விட்டுவிடுங்கள், லொறி வேண்டாம். வாஷர் விடியக் காலையிலேயே கொட்டகைக்குப் போகுது, வயர் நான் வாங்கிட்டு வாறேன். அதன் மூடிக்கு ஒரு நல்ல பூட்டும், மாமாவுக்கு நிஜமாகவே தண்ணி வருகிற ஒரு சிங்க்கும் அனுப்ப முடியுமா? சீக்கிரம் பதில் போடுங்கள்.