பேரை வாசித்தால்தான் ஜாக்கெட்

திருநெல்வேலிச் சீமையில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரையே ஜப்பானிய எழுத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க வைத்த ஒரே மனிதர் எங்கள் கத்தகானா டெய்லர்தான். சத்தியமாகச் சொல்கிறேன், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்!

ஜப்பானில் ஒரு தையல் ஆலையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து, அம்பாசமுத்திரத்தில் கடை போட்டவர். தைத்த துணியில் உரியவரின் பெயரைச் சீட்டில் எழுதிக் குத்தித் தொங்கவிடுவார். எழுதுவது கத்தகானா என்கிற ஜப்பானிய எழுத்தில்! அவரவர் பெயரை அவரவரே வாசித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தெரியாதவர்களுக்கு அங்கேயே பாடம் நடக்கும்.

என் அம்மா பேச்சியம்மாள் முதல்முறை போனபோது கடையே அதிர்ந்தது.

"பாய், நாளைக்குக் கல்யாணத்துக்குப் போவணும். என் ஜாக்கெட்ட எடுத்துத் தாங்க."

"அந்தா தொங்குது பாருங்க. ஆறே எழுத்துதான். வாசிங்க."

"கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா உங்களுக்கு?"

திட்டிக்கொண்டே பாடம் கேட்டு வாசித்தாள். மூன்றாம் முறை போனபோது, அரை மணி நேரமாகத் திணறிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டருக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்துக் காக்கிச் சட்டையை எடுத்துக் கொடுத்ததே அவள்தான்.

எனக்கோ இது விளையாட்டில்லை. ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைக்க இருந்தது. மொழித் தேர்வில் தேறினால்தான் விமானம். ஹிரகானா, கத்தகானா, காஞ்சி என்று ஜப்பானியருடைய மூன்று வகை எழுத்தையும் ஒன்றாகப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. நேராக டெய்லரிடம் ஓடினேன்.

"இருநூத்தி நாப்பத்தேழு எழுத்து படிச்சவ, நாப்பத்தாறுக்குப் பயப்படுதியே தங்கச்சி!" என்று கறுப்புத் துணியை விரித்துத் தையல் சாக்பீஸை எடுத்தார். "ஹிரகானா கழுத்து வளைவு. பைய வளைச்சு வரணும். அவங்க சொந்த வார்த்தைக்கு. கத்தகானா நேர்வெட்டு. வெளியூர்ல இருந்து போன வார்த்தைக்கு, நம்ம பேருக்கு. ரெண்டுலயும் நாப்பத்தாறுதான்."

"அப்போ காஞ்சி, பாய்?"

"அது எம்பிராய்டரி. ஒரு எழுத்துலயே ஒரு வார்த்தை உக்காந்திருக்கும். ஆயிரக்கணக்குல கெடக்கு. எம்பிராய்டரிய ஒரே நாள்ல முடிப்பாங்களா? தெனம் அஞ்சு போடு."

கோடுகளின் வரிசை தப்பினால் கத்தரியால் மேசையைத் தட்டுவார். "தோள் மூட்டாம கை வைக்கியா? மேல இருந்து கீழ வா!"

தேறிவிட்டேன்! கிளம்பும் நாள் வரை, நான் கொடுத்திருந்த சுடிதாரை மட்டும் தைத்துத் தரவில்லை. என்ன இருந்தாலும் டெய்லர் அல்லவா.

இல்லத்தில் முதல் நாள். துவைத்த துணிகளை ஒரு மலையாகக் குவித்து, உரியவர்களிடம் சேர்க்கச் சொன்னார்கள். துணி மாறினால் முதல் நாளே என் மானம் போய்விடும். ஒரு சட்டையின் கழுத்தைப் புரட்டினேன். உள்ளே பெயர், கத்தகானாவில்! எளிதில் வாசிக்க வேண்டுமென்று இல்லத்தில் எல்லோர் பெயரையும் அதில்தான் எழுதுவார்களாம். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அம்பாசமுத்திரத்துக் கடைக்குள் நிற்பது போலவே இருந்தது. ஒவ்வொரு பெயராக உரக்க வாசித்தேன். ஒவ்வொரு பாட்டியாகக் கையை நீட்டினார்கள்.

மதியம் டெய்லருக்கு போன் போட்டேன். "பாய், ஒரு சட்டைகூட மாறல!"

தையல் மெஷினை நிறுத்தினார்.

"உன் சுடிதார் நீ கெளம்புததுக்கு முன்னாலயே தச்சாச்சு தங்கச்சி. இங்கனதான் தொங்குது. நீயே வந்து பேரை வாசிச்சு எடுத்துக்கோ. வேற யார் கேட்டாலும் தரமாட்டேன்."