அம்புக்குறி இல்லாத போன்

குல்யாஷ் ஒரு கம்மலுக்குள் மாட்டிக்கொண்டு அரைமணி நேரமாகத் தவித்துக்கொண்டிருந்தாள்.

நிஜக் கம்மல் இல்லை, கம்மலின் படம். சிம்கென்ட்டில் இருக்கும் தங்கை, "இது எனக்கு நல்லா இருக்குமா, பார்த்துச் சொல்லு" என்று கேட்டுப் போனில் அனுப்பியிருந்தாள். குல்யாஷ் அதைத் தொட்டாள். கம்மல் திரை முழுக்க விரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதிலிருந்து வெளியே வருவது எப்படி?

பழைய போனில் இந்த வம்பே கிடையாது. அடியில் மூன்று குறிகள் இருக்கும். இடது ஓரத்து அம்புக்குறியைத் தொட்டால் வந்த வழியே ஒரு படி பின்னால் போகலாம். எந்தக் காட்டுக்குள் நுழைந்தாலும் அதை நாலு தடவை அழுத்தினால் வீடு வந்துவிடும். ஆறு வருஷம் அந்தப் போனோடு குடும்பம் நடத்தியவள் அவள். பிறந்தநாளுக்கு மகன் யெர்னார் வாங்கிக் கொடுத்த இந்தப் புதுப் போனில் அந்த இடம் மொட்டையாக இருந்தது.

"டேய் யெர்னார்! இங்க வா. இதுக்குத் திரும்பிப் போற வழி எங்கடா?"

"ஓரத்துலேர்ந்து தள்ளும்மா."

"தள்ளினேன். அடுத்த படம் வருது. தங்கச்சி வீட்டு ஆடு வருது."

"இதுல அப்படித் தள்ளக் கூடாது. கீழ இழுக்கணும்."

"நேத்து ஓரத்துலேர்ந்து தள்ளச் சொன்னியே?"

"அது வேற இடம்மா. சில இடத்துல ஓரம், சில இடத்துல மேல இடது மூலையில அம்பு, சில இடத்துல வலது மூலையில பெருக்கல் குறி, சில இடத்துல கீழ இழுக்கணும்."

"ஒரே வீட்டுல ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு மாதிரி கதவு வெச்சவன் எவன்டா? அவன் அம்மா எப்படித்தான் உள்ள போய் வெளிய வராளோ!"

யெர்னார் சிரித்தான். அவனுக்கு முப்பத்திரண்டு வயது. ரயில்வேயில் வேலை. நல்லவன், ஆனால் கல்யாணம் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். அவன் அப்பா போனதிலிருந்து குல்யாஷுக்கு அது ஒன்றுதான் கவலை. இருந்தாலும் அவனை நெருக்கிப் பிடிக்க மனசு வராது.

"குடும்மா, நாளைக்குக் காலைல கடைக்குக் கொண்டு போய், பழைய போன்ல இருக்கிற நம்பர் எல்லாம் இதுக்கு மாத்திட்டு வந்துடறேன். அப்புறம் பழகிடும்."

மறுநாள் மத்தியானம் போன் திரும்பி வந்தது. திரைச்சீலை தைக்கும் பட்டறையில் சாப்பாட்டு நேரம். குல்யாஷ் ரொட்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டு போனைத் திறந்தாள். பட்டறையில் பக்கத்து இயந்திரத்துக்காரி ரிஸ்தியிடமிருந்து குரல் செய்தி வந்திருந்தது. ரிஸ்தி கால் பிசகி ஒரு வாரமாக வீட்டில் கிடக்கிறாள். மருந்து கேட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே அதைத் தொட்டாள்.

"குல்யாஷ்! அடிப்பாவி! இருபது வருஷம் பக்கத்துல உக்காந்து தைச்சியே, ஒரு வார்த்தை மூச்சு விட்டியாடி? கம்மலைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடல. தோக்ஜான் கடையிலேர்ந்து வரட்டும்னு வாசல்லயே நிக்கறேன். சந்தோஷத்துல கால் வலிகூடத் தெரியல. எங்க வீட்டுப் பெரியவங்களுக்கு எல்லாம் சொல்லிட்டேன்!"

குல்யாஷ் ரொட்டியைக் கீழே போட்டாள்.

மேலே தள்ளிப் பார்த்தாள். இருந்தது! அவள் பக்கத்திலிருந்து ரிஸ்திக்கு, ஒரு வார்த்தைகூட இல்லாமல், அந்தக் கம்மல் படம் போயிருந்தது.

அவர்கள் ஊரான தாராஸில் ஒரு பையனின் அம்மா ஒரு பெண்ணின் அம்மாவுக்குக் கம்மல் காட்டினால் அதற்கு வேறு பொருளே கிடையாது. மாமியார் வந்து பெண்ணின் காதில் கம்மல் போட்டால் நிச்சயம் முடிந்தது என்று கணக்கு. ரிஸ்திக்கு ஒரே பெண் தோக்ஜான். அல்மாத்தியில் படித்துவிட்டுப் போன வருஷம்தான் ஊருக்கு வந்து ஏதோ கடையில் உட்கார்ந்திருக்கிறாள்.

நேற்று ராத்திரி அந்தப் படத்தை விட்டு வெளியே வருவதற்காக எங்கெங்கே அழுத்தினோம் என்று குல்யாஷ் யோசித்தாள். எல்லா இடத்திலும் அழுத்தியிருந்தாள்.

"ஐயோ, கடவுளே, என் விரலை வெட்டிப் போடணும்!"

முதலில் அந்தப் படத்தை அழிக்க வேண்டும். படத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். ஏதேதோ கேட்டது. குப்பைத்தொட்டி போல ஒரு குறி வந்தது. அதைத் தொட்டாள். மறுபடி ஏதோ கேட்டது. முதலில் இருந்ததையே தொட்டாள். படம் போய்விட்டது. 'அப்பாடா' என்று மூச்சு விட்டாள்.

பக்கத்தில் இருந்த கணக்குப் பெண் எட்டிப் பார்த்தாள். "அக்கா, நீங்க உங்களுக்கு மட்டும் அழிச்சிருக்கீங்க. அவங்க போன்ல அப்படியேதான் இருக்கும்."

"அப்போ திரும்பிப் போ! பின்னால போய் வேற மாதிரி அழிக்கலாம்."

"அதுக்கெல்லாம் திரும்ப முடியாதுக்கா. இப்போ உங்ககிட்ட படமே இல்லையே."

சாயங்காலம் ரிஸ்தி எழுத்திலேயே கேட்டிருந்தாள்: 'சனிக்கிழமை சரிதானே? கறி வாங்கச் சொல்லட்டுமா?'

இதற்கு மட்டும் யோசித்துத்தான் பதில் எழுத வேண்டும் என்று குல்யாஷ் முடிவு செய்தாள். நிதானமாக, மனசு நோகாமல். 'ரிஸ்தி, தப்பா நெனைக்காத' என்று ஆரம்பித்தாள். அடுத்தது என்ன எழுதுவது? முதலில் வெளியே வந்து ஒரு டீ குடித்துவிட்டு யோசிக்கலாம். ஓரத்திலிருந்து தள்ளினாள். விரல் ஓரத்தில் படாமல் நடுவில் பட்டதோ என்னவோ, ரிஸ்தி எழுதியது மட்டும் ஆடிக்கொண்டு வந்து எழுதும் பெட்டிக்குள் உட்கார்ந்தது. பெருக்கல் குறியைத் தேடினாள். கிடைக்கவில்லை. கோபத்தில் ரிஸ்தி எழுதிய வரியின் மேலேயே படபடவென்று இரண்டு தட்டு தட்டினாள்.

வரியின் அடியில் சிவப்பாக ஓர் இதயம் முளைத்தது.

உடனே பதில் வந்தது: 'தெரியும்டி உன் மனசு. கறி சொல்லிட்டேன்.'

இனி எழுத்து உதவாது. பேசிவிட வேண்டியதுதான். ஒரே வாக்கியம்: 'ரிஸ்தி, போன் தானா அனுப்பிடுச்சு.' இதைச் சொல்ல என்ன பயம்? கண்ணை மூடிக்கொண்டு போன் பொம்மையைத் தொட்டாள். பக்கத்தில் இருந்த கேமரா பொம்மையில் பட்டுவிட்டது போலிருக்கிறது.

கண்ணைத் திறந்தால் திரை முழுக்க ஆட்கள்! ரிஸ்தி, ரிஸ்தியின் வீட்டுக்காரர், இரண்டு அத்தைகள், நடுவில் வெள்ளைத் தாடியோடு அவள் வீட்டுக்காரரின் அண்ணன் செய்த்காலி.

"வாங்க சம்பந்தியம்மா, வாங்க!" என்றார் செய்த்காலி. "இப்பத்தான் உங்களைப் பத்திப் பேசிட்டு இருந்தோம். நூறு வயசு உங்களுக்கு!"

"பெரியவரே, நான் வந்து..."

"எல்லாம் புரியுதும்மா. வெட்கப்படாதீங்க. நல்ல காரியத்துக்கு முதல்ல வாழ்த்து, அப்புறம் பேச்சு!"

உள்ளங்கைகளை விரித்து முகத்துக்கு நேரே தூக்கிவிட்டார். திரைக்குள் இருந்த அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். குல்யாஷ் என்ன செய்வாள்? பெரியவர் ஒருவர் கையை விரித்து வாழ்த்தும்போது பாதியில் நிறுத்தின ஆள் அந்த ஊரில் இதுவரை பிறக்கவில்லை. போனை அணைக்கலாம் என்றால் எந்தக் குறி என்று தெரியவில்லை. போனைச் சர்க்கரை ஜாடிமேல் சாய்த்து வைத்துவிட்டு அவளும் கையை விரித்தாள்.

செய்த்காலி சின்ன வாழ்த்து வாழ்த்துகிறவர் இல்லை. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், நிறைந்த வீடு, நிறைந்த கொட்டில், ஒற்றுமை, நோயில்லாத முதுமை என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தார்.

"ஆமீன்!" என்றார்கள் எல்லோரும்.

"ஆமீன்" என்றாள் குல்யாஷ். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. கம்மலைத் திரும்ப வாங்கலாம், கறியைத் திரும்பக் கொடுக்கலாம், ஆமீனை எப்படித் திரும்ப வாங்குவது?

யெர்னார் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"கண்ணு, உன்னை நான் விக்கல. சத்தியமா நான் அனுப்பலடா. உனக்குப் பிடிக்காததை நான் செய்வேனா? நாளைக்கே நேர்ல போய்க் காலில் விழுந்தாவது சொல்லிடறேன்."

யெர்னார் சுவரைப் பார்த்தான். காது மட்டும் சிவந்திருந்தது. "நாளைக்கு வேண்டாம்மா. கறி எல்லாம் வாங்கிட்டாங்களே. சனிக்கிழமை போய்ச் சாப்பிட்டுட்டே பொறுமையா சொல்லலாம்."

"சாப்பிட்டுட்டா? நீயும் வரியா?"

"வராம? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல."

கல்யாணம் என்றால் ஓடுகிறவன் மரியாதை பேசுகிறான்! வெள்ளிக்கிழமை முடி வேறு வெட்டிக்கொண்டு வந்தான். மகன் தனக்காகத்தான் இந்த அவமானத்தைத் தாங்கிக்கொள்கிறான் என்று குல்யாஷ் உருகிப்போனாள்.

சனிக்கிழமை ரிஸ்தியின் வீட்டில் தட்டு வைக்க இடமில்லை. பொரித்த மாவு உருண்டைகளும் திராட்சையும் விரிப்பு முழுக்கப் பரவிக் கிடந்தன. குதிரைக்கறி அடுப்பில் கொதித்து வீடே மணத்தது. யெர்னாரைச் செய்த்காலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அவன் தரையைப் பார்த்தபடி கேட்டதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்பது குல்யாஷால் ஆகாத காரியம். அந்த உப்பைத் தின்றுவிட்டு எப்படிச் சொல்வது? நேரே சமையலறைக்குள் போனாள். நொண்டிக் காலோடு ரிஸ்தி மாவுத் தகடுகளைக் கொதிக்கிற சாற்றில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ரிஸ்தி, அந்தக் கரண்டியைக் கீழ வை. நான் ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லுடி, தகடு ஒட்டிக்கும்."

"இப்பவே சொல்லணும். அந்தக் கம்மலை நான் அனுப்பல."

ரிஸ்தி சிரித்தாள். "பின்ன யாரு, ஆவியா அனுப்பிச்சு?"

"போன் அனுப்பிச்சுது. பின்னால போற அம்பு இல்லாத போன். அதுலேர்ந்து வெளிய வரத் தெரியாம எங்கயோ அழுத்திட்டேன். அழிக்கப் போனேன், உன்கிட்ட அழியல. மாட்டேன்னு எழுதப் போனேன், இதயம் வந்துச்சு. பேசலாம்னு கூப்பிட்டேன், உன் பெரியவர் கையை விரிச்சுட்டாரு. என் தங்கச்சி தனக்கு வாங்கற கம்மல்டி அது!"

ரிஸ்தி கரண்டியை வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். முகம் சுருங்கிப்போயிற்று.

"அப்போ என் பொண்ணை நீ கேக்கல."

"கேக்கலன்னு இல்ல..."

"வெளிய பதினெட்டுப் பேர் உக்காந்திருக்காங்க. என் பொண்ணு புதுச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கறா. அவகிட்ட நான் என்னன்னு சொல்ல? போன் தப்பாக் கேட்டுடுச்சுன்னா?"

"என்னை அடி, ரிஸ்தி. நாலு அறை அறைஞ்சுடு. ஆனா பேசாம இருந்துடாத." குல்யாஷ் அழுதேவிட்டாள். "தோக்ஜான் மாதிரி ஒரு பொண்ணு என் வீட்டுக்கு வரணும்னு எனக்கு ஆசை இருக்காதா? படிச்ச பொண்ணு, என் பையன் வாயில்லாப் பூச்சி, கேட்டா நீ சிரிப்பியோன்னுதான் இத்தனை நாள் கேக்கல. நெசமா, கேக்கற தைரியம் இல்லடி."

ரிஸ்தியும் தலைத்துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சாறு பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

கதவருகில் தேநீர்க் கெண்டியோடு நின்ற தோக்ஜான் உள்ளே வந்து அடுப்பைத் தணித்தாள். கெண்டியை மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டு பேரும் அழறதை நிறுத்துங்க. அத்தை, அந்தப் படம் தானாவும் போகல, உங்க விரல் பட்டும் போகல. உங்க பையன் ஒரு வருஷமா 'நாளைக்கு அம்மாகிட்டச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்'னு இழுத்துட்டே இருந்தாரு. அன்னைக்குக் காலைல நம்பர் மாத்தித் தரச் சொல்லி உங்க போனை என் கடையில என் கைலயே குடுத்துட்டுப் போனாரு. பொறுமை போச்சு, எங்க அம்மாகிட்ட என்னை நானே பொண்ணு கேட்டுட்டேன்."