படிகமும் ஒழுங்கு நடவடிக்கையும்

உலகில் ஒழுங்கு என்று ஒன்று மிச்சமிருந்தால், அது எங்கள் காந்தப் படிக ஆய்வகத்தில்தான் இருக்கிறது. துணை இயக்குநராகிய நானே இதைச் சொல்வது தற்பெருமை ஆகாது. சுற்றறிக்கையிலேயே அப்படித்தான் இருக்கிறது.

காந்தப் படிகத்தின் அணுக்களில் எலக்ட்ரான் குடியிருக்கும் இடத்துக்கு ஆர்பிட்டால் என்று பெயர். சூட்டில் அவை ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் கிடக்கும். குளிரவைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் திடீரென்று எல்லாம் சொல்லிவைத்தாற்போல் வரிசையாகத் திரும்பிவிடும். இந்த 'நிலைமாற்றம்' எங்கள் படிகத்தில் நிகழ்ந்துவிட்டதாக இயக்குநர் அறிவித்தார். சான்றாக வரைபடத்தில் மாட்டுத் திமில் போல் ஒரு மேடு இருந்தது. அந்தத் திமிலுக்கு விருதும் வருவதாக இருந்தது.

அளவெடுத்த ஆய்வாளரே வந்து காரியத்தைக் கெடுத்தாள். அவள் என் அண்ணன் மகள் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"சித்தப்பா, அது நிலைமாற்றமே இல்ல. வெப்பமானியை ஒட்டின பசை குளிர்ல விட்டுப்போச்சு. வேற வெப்பமானி வச்சு அளந்தேன், திமிலே காணோம். வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். பசை பிளந்துதான் கிடந்தது.

"கட்டுரைல முதல் பேரு என்னோடது. நாளைக்கு வெளிய எவனாவது அளந்து பார்த்தா, அப்புறம் நான் எதைச் சொன்னாலும் யாரு நம்புவா?" உண்மையின்மேல் இத்தனை பிடிவாதம் எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் கிடையாது.

அவசரக் கூட்டம் கூடியது. இயக்குநர் ஏசியைக் கூட்டச் சொன்னார்.

"இந்த ஒழுங்குல யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

"நேத்து லேசா இருந்துதுங்க," என்றார் கணக்கீட்டுப் பிரிவுத் தலைவர். "இன்னிக்கு உங்களப் பார்த்ததும் போயிடுச்சு."

"பசை விட்டுப்போச்சுன்னு ஒரு பேச்சு..." என்று இழுத்தார் இயக்குநர்.

"நம்ம நிறுவனத்துப் பசைங்க. ஒருநாளும் விடாது," என்றார் கொள்முதல் அதிகாரி.

அண்ணன் மகள் என் பக்கம் திரும்பினாள். "சித்தப்பா, நீங்க கண்ணால பார்த்தீங்கல்ல? சொல்லுங்க."

அலுவலக நேரத்தில் உறவுமுறை சொல்லி அழைப்பது விதிமீறல் என்று சொன்னேன். திமில் மிகவும் கம்பீரமாக இருப்பதாகவும் சொன்னேன்.

தீர்ப்பு நியாயமானது. படிகத்தில் ஒழுங்கு இல்லை என்றவள்மீது ஒழுங்கு நடவடிக்கை. மாற்றம் இல்லை என்றவளுக்கு மாற்றல், குடுவை கழுவும் பிரிவுக்கு. கட்டுரையில் அவள் பெயர் மட்டும் அப்படியே இருக்கும். பழி சுமக்க ஓர் ஆள் வேண்டுமல்லவா?

வாசல்வரை போனவள் நின்றாள்.

"நான் சொன்னது தப்புதான். நிலைமாற்றம் நடந்திருக்கு."

"பார்த்தீங்களா, ஒத்துக்கிட்டா!" என்று இயக்குநர் மேசையைத் தட்டினார்.

"படிகத்துல இல்ல சார்," என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன். குளிர்ந்த அந்த அறையில் சுழல் நாற்காலிகள் அத்தனையும் இயக்குநர் பக்கமே திரும்பியிருந்தன. என்னுடையது கொஞ்சம் கூடுதலாகவே.