பூட்டிய வீட்டில் ஓடுகிற மீட்டர்

கிள்ளான்,
14 ஆகஸ்ட் 1986, வியாழன்.

அன்பு மச்சான் சிரிலுக்கு, அத்தான் லெஸ்லி ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது.

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அக்கா சாந்தமேரியும் சுகம். பிரிக்ஃபீல்ட்ஸில் நீயும் டோரிஸும் பிள்ளைகளும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அக்கா சுகம் என்று எழுதியது உடம்பைப் பற்றி மட்டும்தான். மற்றபடி அவள் என்னிடம் எதையோ மறைக்கிறாள். இந்தக் கடிதத்தை டோரிஸ் கண்ணில் காட்டாதே. அவள் படித்தால் அடுத்த நிமிஷம் உன் அக்காவுக்குப் போன் வரும், என் திட்டம் பாழாகும்.

எங்கள் வீடு மேட்டுச் சரிவில் நிற்பது உனக்குத் தெரியும். ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு வீடு, பின்பக்கம் இறங்கிப் பார்த்தால் அதற்கு அடியில் இன்னொன்று. ரயில்வேயிலிருந்து ரிட்டயர் ஆனதும் அந்தக் கீழ் வீட்டை வாடகைக்கு விடத் தீர்மானித்தேன். பக்கத்து வீட்டுக்காரரைப் போல ஜன்னல் வழியாக ஒரு வயரை இழுத்துத் தொங்கவிட்டு, ரூம் ரெடி என்று அட்டை மாட்டுகிற ஆள் நான் இல்லை. முறையாக பிளான் பாஸ் பண்ணி, கீழே தனி மீட்டர், தனி மெயின் சுவிட்ச், லைசென்ஸ் வயர்மேன் கையெழுத்து, இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிளக்கையும் சோதித்து, அத்தனையும் சட்டப்படி. இந்த வரிசையிலேயே சட்டப்படியான கீழ் வீடு என்னுடையது ஒன்றுதான் என்று அந்த இன்ஸ்பெக்டரே சொன்னார், அதாவது நான் சொன்னேன், அவர் தலையாட்டினார். வயரிங் செய்த அய்யாவு நீ அனுப்பிய ஆள். ஆகையால் கீழே எழுதப்போகிற விஷயத்தில் உனக்கும் பங்கு உண்டு.

கரெண்ட் விஷயத்தில் நான் யாரையும் நம்புவதில்லை. குவார்ட்டர்ஸில் இருந்தபோது எதிர்வீடு ஷார்ட் சர்க்கியூட்டில் கருகிப் போனதைக் கண்ணால் கண்டவன். அன்றிலிருந்து பூசைக்குப் போனாலும் பாசாருக்குப் போனாலும் மெயினை அணைத்துவிட்டுத்தான் படியிறங்குவேன். ஐஸ்பெட்டியில் மீன் கெட்டாலும் கெடட்டும், வீடு எரியக்கூடாது. இதற்காக உன் அக்கா முப்பது வருஷமாக முணுமுணுக்கிறாள். ஆனால் கொஞ்ச நாளாக முணுமுணுப்பதில்லை, அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் தட்டியது. முணுமுணுத்துக்கொண்டே இருந்த ஒரு பெண் திடீரென்று சும்மா இருந்தால் காரணம் இல்லாமலா இருக்கும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கீழே குடியிருப்பவன் வாசு. போர்ட் கிள்ளானில் ஷிப்ட் வேலை, மோட்டார் சைக்கிள், மரியாதையான பேச்சு. மரியாதை கொஞ்சம் அதிகம் என்று அப்போதே நினைத்தேன். பெண்டாட்டி தெய்வானை, நிறைமாதம். முன்னே இரண்டு தடவை உண்டாகித் தங்கவில்லையாம், பாவம், உன் அக்கா அவளைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறாள். போன வாரம் இரண்டு பேரும் பிரசவத்துக்காகக் காப்பாரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். வாசு எல்லா விளக்கையும் அணைத்து, ஐஸ்பெட்டியைக் கழுவித் துடைத்து பிளக்கைப் பிடுங்கி, அதை என்னைக் கூப்பிட்டுக் காட்டியும் விட்டான். "பாத்துக்கங்க அங்கிள், உள்ள ஒண்ணுமே ஓடல"ன்னு சொல்லிட்டு இரண்டு பூட்டுப் போட்டுப் போனான். பிள்ளை பெறப் போறவங்களுக்கு எதுக்கு மச்சான் ரெண்டு பூட்டு?

மறுநாள் தற்செயலாக மீட்டர் பலகைப் பக்கம் போனேன். தற்செயல் என்றால், தினமும் போவேன். இரண்டு மீட்டரும் பக்கச் சுவரில் ஒரே பலகையில் இருக்கின்றன, மேலே என்னுடையது, கீழே அவனுடையது. பார்க்கிறேன், ஆளில்லாத, பூட்டிய வீட்டின் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது! வேகமாக இல்லை. உள்ளேயிருக்கிற தகடு, ஊர்ந்து ஊர்ந்து, யாரும் பார்க்கக்கூடாது என்று நினைத்துச் சுற்றுவது மாதிரி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், சுற்றுகிறது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், சுற்றுகிறது. அப்புறம் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னா அங்கிள், மீட்டருக்கு ஜாகாவா, காவலா?" என்று கேட்டுச் சிரித்தார். ஜன்னலில் வயர் தொங்கவிடுகிறவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், காலம் அப்படி.

உள்ளே என்னதான் ஓடுகிறது? யோசித்து யோசித்து எனக்குத் தலை கனத்துப்போச்சு. ஹார்பரில் வேலை செய்கிறவன், கடத்தல் இறாலைப் பெட்டி பெட்டியாக ஐஸில் வைத்திருக்கலாம். சம்சு சாராயம் காய்ச்சலாம், ஆனால் அதற்கு அடுப்புதான் வேண்டும், கரெண்ட் வேண்டுமா என்று தெரியவில்லை. இல்லை, எவனோ ஒருத்தன் உள்ளே ஒளிந்துகொண்டு மேஜை ஃபேன் போட்டுத் தூங்கிக்கிட்டு இருக்கலாம். கதவில் காதை வைத்துக் கேட்டேன், ம்ம்ம் என்று ஒரு ரீங்காரம். அது என் காதுக்குள்ளேயே இருப்பதாக உன் அக்கா சொல்கிறாள். சாவித்துவாரத்தில் முகர்ந்து பார்த்தேன், சுத்தமான மீன் வாசம்! விழுந்தடித்து மேலே ஓடினால் உன் அக்கா கெம்போங் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். ஆகையால் வாசனையைச் சாட்சியாகச் சேர்க்க முடியவில்லை.

உன் அய்யாவுவை வரச் சொன்னேன். வந்தான், மீட்டரைப் பார்த்தான், பிறகு எதற்கோ மேலே எங்கள் ஹாலைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"மீட்டருன்னா சுத்தும்லா, அங்கிள்."

"ஆளே இல்லாமலா?"

"புது மீட்டரு அங்கிள். பழகணும்."

மீட்டர் என்ன மருமகளா பழகுறதுக்கு? அவன் நேரே அடுக்களைக்குப் போய் உன் அக்காவிடம் காப்பி வாங்கிக் குடித்தான். இருவரும் குசுகுசுவென்று பேசினார்கள். நான் உள்ளே நுழைந்ததும், "சீனி சரியா இருக்கா தம்பி?" என்கிறாள் அவள், குரலை உயர்த்தி. இதே அய்யாவு இரண்டு மாதம் முன்னால் நான் ஒரு கல்யாணத்துக்காக டெங்கில் ஊருக்குப் போயிருந்தபோது வாசல் மணி ரிப்பேர் என்று வந்துபோயிருக்கிறான். மணி ரிப்பேருக்கு வந்தவன் போன பிறகு, ஹாலில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே சுண்ணாம்புத் தூள் கிடந்தது. என்ன என்று கேட்டதற்குக் கரையான் என்றாள் உன் அக்கா. சிமெண்டுச் சுவரில் கரையான்! அன்றைக்கே படத்துக்கு முன்னால் ஒரு லேஸ் திரையும் தொங்கியது. பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் என்னைத் தள்ளிக்கொண்டு முதலில் உள்ளே போய்த் திரைக்கு முன்னால் நின்றுகொள்கிறாள். பக்தி கூடியிருக்கிறது. கூடட்டும். ஆனால் ஏன் இப்போது?

நேற்று நான் சொன்னேன், "கீழ் மெயினை ஒரு தடவை அணைச்சுப் பாக்கப் போறேன்."

அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "ஐயோ, தொடாதீங்க! அடுத்தவங்க மெயினு. சட்டப்படி நீங்க தொடலாமா?"

சட்டப்படி! ரோட்டைக் குறுக்கே கடக்கும்போது கூட சட்டம் பார்க்காத என் பெண்டாட்டி! அவள் சொன்னது சரிதான், வாடகைக்காரன் மெயின் வாடகைக்காரனுக்குத்தான் சொந்தம், நான் தொடக்கூடாது. அதனால்தான் இதுவரை தொடவில்லை. ஆனால் யோசித்துப் பார்: அய்யாவு, சாந்தமேரி, வாசு, மூன்று பேருக்கும் இது தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. என் வீட்டுக்கு அடியில், என் லைசென்ஸில், என் பெயரில்! நாளைக்குப் போலீஸ் வந்தால் விலங்கு யார் கைக்கு? வேலையில் ஒரு மெமோ வாங்காமல் பென்ஷன் வாங்கியவன் நான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகையால் தீர்மானித்துவிட்டேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் எழுதிக் காலையிலேயே வாசு கதவில் ஒட்டிவிட்டேன். கைப்பிள்ளையோடு எங்கே போவார்கள் என்று உன் அக்கா கேட்பாள், அதனால் அவளிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை அவன் துணி எடுக்க வருகிறானாம். அதற்கு முன்னால் நீ உன் சிநேகிதர் அந்த சார்ஜண்டைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு, சாட்சிக்கு நீ, அதிகாரத்துக்கு அவர். இன்னொன்றும் செய்யப் போகிறேன். உன் அக்கா கண்ணயர்ந்திருக்கிறாள். இந்தக் கடிதத்துக்குக் கையெழுத்துப் போட்டதும் நேரே போய்க் கீழ் மெயினை அணைக்கப் போகிறேன். சட்டம் என்னை மன்னிக்கட்டும். உள்ளே எவனாவது இருந்தால் கட்டாயம் சத்தம் போடுவான்.

நாளை மாதா திருநாள். உன் குடும்பத்தை மாதா தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும். டோரிஸுக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உண்மை அறிய விழையும் அத்தான்,
லெஸ்லி

பின்குறிப்பு: அணைத்தேன். சத்தமும் வந்தது. கீழேயிருந்து இல்லை, மேலேயிருந்து. சத்தம் போட்டது உன் அக்கா.

ஓடி வந்து பார்க்கிறேன், தூக்கத்திலிருந்து எப்போது எழுந்தாளோ, லேஸ் திரையை விலக்கிவிட்டு ஆண்டவர் படத்துக்கு முன்னால் முழங்காலில் விழுந்து கிடக்கிறாள். படத்துக்குக் கீழே எப்போதும் எரிகிற சிவப்பு பல்பு அணைந்திருந்தது. என் மெயின் போட்டது போட்டபடி இருக்கிறது, ஃபேன் சுற்றுகிறது, சிவப்பு பல்பு மட்டும் இல்லை. மெதுவாகத்தான் எனக்கு மண்டையில் ஏறிற்று. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தெய்வானைதான் வந்து கேட்டிருக்கிறாள், இந்தத் தடவையாவது பிள்ளை கைக்கு வர வேண்டும், அதுவரைக்கும் உங்கள் சாமி விளக்கு அணையாமல் எரியட்டும் ஆன்டி என்று. "எங்க வீட்டு மனுசன் அடிக்கடி மெயினை அணைப்பாரு"ன்னு இவள் சொல்லியிருக்கிறாள். அதற்கு அந்தப் பெண், "அப்ப எங்க கரெண்டுல எரியட்டும் ஆன்டி. உங்க கரெண்டுல எரிஞ்சா அது உங்க வேண்டுதல். எங்க கரெண்டுல எரிஞ்சாதானே எங்க உபயம்?" என்றாளாம். கோயிலுக்கு எண்ணெய் கொடுப்பது போல அவர்கள் மீட்டரிலிருந்து நம் ஆண்டவருக்கு விளக்கு. சுவரில் ஓட்டை போட்டது அய்யாவு. திரை, நம் மெயின் அணைந்த பிறகும் பல்பு எரிவது என் கண்ணில் படாமலிருக்க. என்னிடம் சொன்னால் நான் சட்டம் பேசுவேனாம்.

பேசியிருப்பேன்தான். ஆனால் சிரில், அந்தப் பெண் பெறப் போயிருக்கிற நேரத்தில் அவள் விளக்கை நான் என் கையால் அணைத்துவிட்டேன். படி இறங்கி ஓடினேன், மெயினைத் திரும்பப் போட்டேன். கதவில் ஒட்டிய நோட்டீஸைக் கிழித்தேன், பாதி கிழிந்தது, மீதியைத் தண்ணீர் போட்டுச் சுரண்டினேன். பிறகு மேலே வந்து இரண்டு பேரும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். போன் அடித்தது. வாசு. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். எப்போது பிறந்தது என்றுதான் முதலில் கேட்டேன். "காலையிலேயே அங்கிள், இப்பதான் போன் கெடச்சிச்சு" என்றான். நான் அணைத்தது மத்தியானத்துக்கு மேல். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தன் சொன்ன நேரத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்காமல் நம்பினேன்.

ஆகையால் சார்ஜண்ட் வேண்டாம். நீ டோரிஸைக் கூட்டிக்கொண்டு வா, பிள்ளைக்கு ஏதாவது வாங்கி வா. அந்த வயர் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், இன்ஸ்பெக்டர் வந்தால் நான் பேசிக்கொள்கிறேன். போனை வைப்பதற்கு முன்னால் வாசு கேட்டான், "அங்கிள், சாமி வெளக்கு எரியுதுதானே?" எரியுதுலா, என்றேன். பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் எரிந்துகொண்டுதான் இருந்தது.