சமஷ்டி அண்ணையும் பிரிட்ஜ் பங்கீடும்

அமெரிக்கா கூட்டாட்சியாக ஒன்றுபட்டதற்காக உலகத்திலேயே அதிகம் சந்தோஷப்பட்ட மனிதர், அமெரிக்காவில் அல்ல, கடலுக்கு இந்தப் பக்கம் வால்தம்ஸ்டோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சின்ன அறையில் குடியிருந்தார். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. சமஷ்டி என்றால் கூட்டாட்சி; அதனால் எங்களுக்கு அவர் சமஷ்டி அண்ணை. வேலை, பெற்றோல் நிலையத்தில். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் நின்று பம்ப் நம்பரைத் தவிர வேறெதுவும் பேசமாட்டார். வீட்டுக்கு வந்தால், அமெரிக்க அரசியலமைப்பை எழுத ஒன்றுகூடியவர்கள் போட்ட வாக்குவாதமெல்லாம் எங்கள் குசினியில் மறுபடி நடக்கும்.

வீட்டுக்காரர் புது பிரிட்ஜ் வாங்கித் தந்ததும், அதில் யாருக்கு எவ்வளவு இடம் என்று சண்டை வந்தது. பெரிய அறையில் மன்னார்ப் பெடியள் மூன்று பேர். நடு அறையில் நான்.

"ஆள் கணக்குக்குத்தான் இடம்," என்றான் மன்னார் அன்ரன்.

"பெரிய மாநிலக்காரரும் இதைத்தான் கேட்டவை!" அண்ணை துள்ளி எழுந்தார். "சின்ன மாநிலங்கள் விட்டவையோ? கதை வெளியில போகக் கூடாதெண்டு, அந்த வெக்கையிலும் யன்னலைப் பூட்டிப்போட்டு வாதாடினவை!"

சொன்னதோடு எங்கள் குசினி யன்னலையும் பூட்டினார். அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. புகை அலாரம் அலறியது.

"அண்ணை, திறவுங்கோ!"

"முதல்ல தீர்மானம் வரட்டும்!"

இருமலுக்கு நடுவே தீர்மானம் வந்தது. கீழ்த் தட்டுகள் ஆள் கணக்குப்படி. பிரீசரில் ஒவ்வொரு அறைக்கும் சம பங்கு. அமெரிக்காவிலும் அப்படித்தானாம்: ஒரு சபை சனத்தொகைப்படி, மற்றது மாநிலத்துக்குச் சமமாக.

"சரி அண்ணை, அப்பிடியே செய்வம்," என்றான் அன்ரன்.

சண்டை முடிந்ததும் அண்ணையின் முகம் வாடிவிட்டது. எல்லோரும் சோற்றுக் கோப்பையோடு அறைக்குப் போய்விட்டோம். சற்று நேரத்தில் என் கதவைத் தட்டினார்.

"தம்பி, தனி ஆளின்ர உரிமையள் ஒண்டும் எழுதேல்லை. அங்கயும் இதைச் சொல்லித்தான் கனபேர் எதிர்த்தவை. பேசாமல் விட ஏலாது."

"நாளைக்குப் பேசுவம் அண்ணை."

"ஓம், ஓம். நாளைக்கு." சொல்லிவிட்டும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார்.

பிறகு மன்னார்ப் பெடியள் வீடு மாறிச் சட்டனுக்குப் போனார்கள். கலியாணமாகி நான் ஹரோவுக்கு மாறினேன்.

"ஒரு மாநிலம் பிரிஞ்சு போகலாமோ எண்டு அவையள் தெளிவா எழுதேல்லை," என்று சொல்லிக்கொண்டே அண்ணை என் பெட்டியைப் படியிறக்கித் தந்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போன ஞாயிறு அண்ணையைப் பார்க்கப் போனேன். புதிதாகக் குடிவந்தவர்கள் காதில் இயர்போனோடு சமைத்துவிட்டு, அவரை நிமிர்ந்தும் பாராமல் போனார்கள். அண்ணை மெலிந்திருந்தார். எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"மத்திய அரசுக்கு வரி போடுற அதிகாரம் வேணும்தானே, தம்பி?"

வேண்டும் என்றுதான் எனக்கும் பட்டது.

"அதெப்பிடி அண்ணை? ஒருநாளும் ஏலாது!" என்றேன்.

அண்ணை கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.